பத்தொன்பது ஆண்டு வெற்றிடம்: வாலண்டினா தெரெஷ்கோவா மீதான தீர்ப்புகளை மீண்டும் வாசித்தல்

1. கேள்வி

1963 ஜூன் 16 அன்று பைகனூரிலிருந்து வஸ்தோக்-6 கிளம்பியது. உள்ளே இருந்த வாலண்டினா தெரெஷ்கோவாவுக்கு அப்போது வயது 26. பூமியை 48 முறை சுற்றி, 70 மணி 50 நிமிடம் விண்வெளியில் கழித்து, ஜூன் 19 அன்று அல்தாய்ப் பகுதியில் வந்து இறங்கினார். அதுவரை விண்வெளிக்குப் போயிருந்த அமெரிக்கர்கள் ஆறு பேர். அவர்கள் எல்லோருடைய பறப்பு நேரத்தையும் கூட்டினாலும் 54 மணியைத் தொடவில்லை. தனியாக ஒரு கலத்தில் விண்வெளிக்குச் சென்ற ஒரே பெண் இன்றுவரை அவர்தான்.

அவருக்கு அடுத்த பெண் போனது 1982 ஆகஸ்டில். இடையில் பத்தொன்பது ஆண்டு. அந்த இடைவெளியில் மனிதன் நிலவில் நடந்தான், சுற்றுநிலையங்கள் கட்டப்பட்டன, டஜன் கணக்கில் ஆண்கள் விண்வெளிக்குப் போய்த் திரும்பினார்கள். பெண் ஒருவர்கூடப் போகவில்லை. முதலில் கதவைத் திறந்தவர்களே அதை ஏன் சாத்தினார்கள்?

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, தெரெஷ்கோவா சரியாகச் செயல்படவில்லை, அதனால் பொறியாளர்களும் மருத்துவர்களும் பெண்கள்மீது நம்பிக்கை இழந்தார்கள் என்பது. மற்றொன்று, அது வெறும் பிரசாரப் பறப்பு, வேலை முடிந்ததும் திட்டமும் முடிந்தது என்பது. முதல் விடைக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம். இரண்டாம் விடை உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனாலும் அது தெரெஷ்கோவாவை எளிதில் தப்பவிட்டுவிடுகிறது என்பது என் எண்ணம்.

2. நாம் கேட்ட கதை, கேட்காத கதை

முதல் கதை நமக்கு நன்றாகத் தெரியும். யாரொஸ்லாவ்ல் வட்டாரத்தில் போல்ஷோயே மாஸ்லென்னிகோவோ என்ற சிற்றூரில் 1937 மார்ச் 6 அன்று பிறந்தவர். தந்தை டிராக்டர் ஓட்டியவர், பின்லாந்துப் போரில் இறந்தார். தாய் பஞ்சாலைத் தொழிலாளி. மகள் முதலில் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், பிறகு பஞ்சாலைக்கு வந்தார். வேலை பார்த்தபடியே அஞ்சல்வழியில் படித்தார். 1959இல் உள்ளூர் வான்கழகத்தில் பாராசூட்டில் குதிக்கத் தொடங்கினார். ஆலையில் இளம் கம்யூனிஸ்ட் கழகமான கொம்சமோலின் செயலாளராக இருந்தார்.

இந்தக் கதை தமிழுக்கு உடனே வந்து சேர்ந்தது. 'சோவியத் நாடு' போன்ற இதழ்கள் அதைக் கொண்டுவந்தன. 1963 நவம்பரில் கணவரும் விண்வெளி வீரருமான அந்திரியான் நிக்கலாயெவோடும், வஸ்தோக்-5இல் பறந்த வலேரி பிகோவ்ஸ்கியோடும் அவர் இந்தியாவுக்கே வந்தார். தமிழ்நாட்டின் இடதுசாரிக் குடும்பங்களில் பெண் குழந்தைகளுக்கு 'வாலண்டினா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரோடு இன்று நம்மிடையே அறுபதை எட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பஞ்சாலைப் பெண் வானத்துக்குப் போனாள் என்ற செய்தி, பஞ்சாலைகள் நிறைந்த இந்த நாட்டில் எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது கதை சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு வெளியே வந்தது. விண்வெளி வீரர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த விமானப்படைத் தளபதி நிகலாய் கமானின் அன்றாடம் எழுதிவந்த நாட்குறிப்புகள் 1995 முதல் 2001 வரை நான்கு தொகுதிகளாக அச்சேறின. தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரலியோவின் சகாவான பரீஸ் செர்தோக் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். கொரலியோவுக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்த வசீலி மிஷினும் பேட்டிகளில் பேசினார். இவை காட்டிய தெரெஷ்கோவா வேறு ஆள்: கலத்தைக் கையால் திருப்பத் திணறியவர், வாந்தி எடுத்தவர், தூங்கிப்போனவர், கொடுத்த சோதனைகளைச் செய்து முடிக்காதவர், மனம் தளர்ந்தவர்.

மேற்கத்திய எழுத்தாளர்கள் பலர் இந்த இரண்டாவது கதையை 'மறைக்கப்பட்ட உண்மை' என்றே எடுத்துக்கொண்டார்கள். பிரசாரத்தை மறுப்பது எதுவோ அது உண்மையாகத்தான் இருக்கும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. நாட்குறிப்பும் ஒரு மனிதர் எழுதியதே. அவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, காக்க வேண்டிய துறை உண்டு, மோத வேண்டிய எதிரிகள் உண்டு.

3. எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்

1962இல் ஐந்து பெண்கள் தேர்வானார்கள்: தாத்யானா குஸ்னெத்சோவா, வாலண்டினா பொனமர்யோவா, இரீனா சொலவியோவா, வாலண்டினா தெரெஷ்கோவா, ஷான்னா யோர்க்கினா. முப்பது வயதுக்குள், 170 செ.மீ. உயரத்துக்குள், 70 கிலோ எடைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பாராசூட் அனுபவத்துக்கு முன்னுரிமை தந்ததற்குக் காரணம் வஸ்தோக் கலத்தின் அமைப்பு. அதில் போனவர் கலத்தோடு தரையிறங்குவதில்லை. சுமார் 7 கி.மீ. உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனிப் பாராசூட்டில் இறங்க வேண்டும்.

பெண்ணை அனுப்பும் எண்ணத்தை விடாமல் தள்ளிக்கொண்டுபோனவர் கமானின். அமெரிக்காவில் ஜெர்ரி காப் உள்ளிட்ட பதின்மூன்று பெண் விமானிகள் விண்வெளி வீரர்களுக்கான மருத்துவச் சோதனைகளைத் தனியார் முயற்சியில் தாண்டியிருந்த காலம் அது. முதலில் ஓர் அமெரிக்கப் பெண் போய்விடக் கூடாது என்பதை அவர் தம் குறிப்புகளில் ஒளிக்கவில்லை. அவர் வீணாகத்தான் கவலைப்பட்டார். நாசா ஜெட் சோதனை விமானியாக இருந்தவர்களை மட்டுமே ஏற்றது, அந்த வேலையோ பெண்களுக்குத் தரப்படவில்லை. 1962 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு விசாரித்தது. அங்கே சாட்சி சொன்ன விண்வெளி வீரர் ஜான் கிளென், பெண்கள் இத்துறையில் இல்லாதது சமூக ஒழுங்கின் உண்மை என்ற பொருளில் பேசினார். பேச்சு அதோடு முடிந்தது.

ஐவரில் தொழில்நுட்பத் தேர்வுகளில் முந்தியவர் பொனமர்யோவா. அவர் பொறியாளர், விமானமும் ஓட்டியவர். சொலவியோவா நூற்றுக்கணக்கான முறை குதித்த பாராசூட் வீராங்கனை. ஆனால் பொனமர்யோவாவுக்குக் குழந்தை இருந்தது, புகைபிடித்தார், தன் கருத்தைத் தயங்காமல் சொன்னார். சொலவியோவா ஒதுங்கிய சுபாவம் உள்ளவர், மேடைப் பேச்சுக்குப் பொருந்தமாட்டார் என்று கருதப்பட்டது. தெரெஷ்கோவாவிடம் தொழிலாளர் குடும்பம், போரில் இறந்த தந்தை, கூட்டத்தில் பேசும் திறமை எல்லாம் இருந்தன. பாவாடை கட்டிய ககாரின் என்று கமானின் அவரைக் குறிப்பிட்டதன் பொருள் இதுதான். 1963 மே மாதம் அரசு ஆணையம் அவரைத் தேர்ந்தெடுத்தது. சொலவியோவா மாற்று ஆள், பொனமர்யோவா இரண்டாம் மாற்று.

ஆக, கலத்தைத் திறம்பட ஓட்டுவார் என்பதற்காக அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. திரும்பி வந்தபின் நன்றாகப் பேசுவார் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு, கலத்தைத் திறம்பட ஓட்டவில்லை என்று குறை எழுதினார்கள்.

4. மூன்று நாட்கள்: சான்றுகளை எடைபோடல்

கலத்துக்குள் என்ன நடந்தது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வஸ்தோக் பெரும்பாலும் தானே இயங்கும் கலம். ககாரின் பறந்தபோது கைக்கட்டுப்பாட்டைப் பூட்டியே வைத்திருந்தார்கள், பூட்டைத் திறக்கும் எண் ஓர் உறைக்குள் இருந்தது. ஏறுவதும் சுற்றுவதும் இறங்குவதும் தானியங்கி அமைப்பின் பொறுப்பு. அது தவறினால் மட்டும், ஆள் தம் காலடிப் பக்கம் இருந்த ஒளியியல் கருவி வழியே பூமியின் விளிம்பைப் பார்த்து, கலத்தைச் சரியான நிலைக்குத் திருப்பி, எதிர்விசைப் பொறியை இயக்க வேண்டும். இந்தத் திருப்புதலைத் தெரெஷ்கோவா பயிற்சிக்காகச் செய்துகாட்ட வேண்டியிருந்தது.

கமானினின் பதிவுப்படி முதல் முயற்சிகள் கைகூடவில்லை. தரையிலிருந்தவர்கள் கலங்கினார்கள். ககாரினும் விண்வெளி வீரர் கெர்மான் தீத்தவும் வானொலியில் அவருக்கு வழிகாட்டினார்கள். மூன்றாம் நாள் அவர் கலத்தைத் திருப்பி ஏறத்தாழ இருபது நிமிடம் அந்த நிலையில் நிறுத்தினார். பிறகு தானியங்கி அமைப்பே கலத்தை இறக்கியது.

தெரெஷ்கோவா நெடுங்காலம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து அவர் சொன்னது வேறு: கலத்தின் தானியங்கித் திட்டத்திலேயே பிழை இருந்தது. இறங்க வேண்டிய கலம் மேலே ஏறும்படி திசை அமைந்திருந்தது. தாம் அதைக் கவனித்துச் சொன்னதாகவும், தரையிலிருந்து புதிய தரவுகள் வந்ததாகவும், இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கொரலியோவ் கேட்டுக்கொண்டதாகவும் அவர் விவரித்தார்.

இந்தப் பிழையின் கனத்தைப் புரிந்துகொள்ள ஒரு விவரம் வேண்டும். எதிர்விசைப் பொறி கலம் போகும் திசைக்கு எதிராக இயங்கினால் வேகம் குறைந்து கலம் இறங்கும். திசை மாறினால் வேகம் கூடிப் பாதை உயரும். வஸ்தோக்குக்குப் பாதுகாப்பாக இருந்ததே அதன் தாழ்வான பாதைதான். பொறி இயங்காமல் போனாலும் காற்றின் உராய்வால் பத்து நாட்களுக்குள் கலம் தானே கீழே வந்துவிடும், உணவும் காற்றும் அதுவரை தாங்கும். பாதை உயர்ந்துவிட்டால் அந்தக் கடைசிப் பாதுகாப்பும் போய்விடும்.

எது உண்மை? கமானின் எழுதியது அன்றன்றைக்கு, அதனால் காலத்தால் அதற்கு எடை அதிகம். ஆனால் அவர் தரையில் இருந்தவர், வடிவமைப்பாளர்களின் தவறுகளை முழுமையாக அறியும் இடத்திலும் இல்லை. தெரெஷ்கோவா உள்ளே இருந்தவர், ஆனால் சொன்னது மிகவும் பிந்தி, தம் பெயர் குலைந்த பிறகு. இரு கூற்றுகளும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பதாக நான் நினைக்கவில்லை. ஒன்று கையால் திருப்பியதைப் பற்றியது, மற்றது தானியங்கித் திட்டத்தைப் பற்றியது. இரண்டுமே நடந்திருக்கலாம். இரண்டாவது நடந்திருந்தால், முதலாவதைப் பற்றித் தரையில் எழுந்த கலக்கத்துக்கு வேறு விளக்கமும் கிடைத்துவிடுகிறது.

மற்றக் குறைகளைப் பார்ப்போம். வாந்தி ஒருமுறை எடுத்தார். உணவு பிடிக்காததால் என்றார் அவர். தலைக்கவசம் தோளை அழுத்தியது, காலில் வலி வந்தது. சில சோதனைகளைச் செய்ய முடியவில்லை. அடிவானத்தை அவர் எடுத்த படங்கள் வளிமண்டலத் துகள் அடுக்குகளை அறியப் பயன்பட்டன. பல் துலக்கப் பசை வைத்திருந்தார்களாம், தூரிகை வைக்கவில்லை. இறங்கியபின் சுற்றி வந்த கிராமத்தாருக்குத் தம் விண்வெளி உணவைக் கொடுத்துவிட்டு அவர்கள் தந்ததைச் சாப்பிட்டார். எவ்வளவு சாப்பிட்டார் என்ற கணக்கே போய்விட்டது என்று மருத்துவர்கள் கொதித்தார்கள். மருத்துவர் விளாதிமிர் யாஸ்தோவ்ஸ்கியின் கசப்பான அறிக்கைக்குப் பின்னால் இந்தக் கோபமும் இருக்கிறது. மூன்று நாள் இருக்கையில் கட்டுண்டு கிடந்த ஒரு கிராமத்துப் பெண், எதிரே ரொட்டியோடு நிற்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது மருத்துவ நியாயம். எனக்கு அவர் பக்கம்தான் மனம் போகிறது.

ஓர் உண்மையை மட்டும் குறை சொன்னவர்கள் விளக்குவதில்லை. முதலில் திட்டமிட்டது ஒரு நாள் பறப்பு. நிலைமையைப் பார்த்து மூன்று நாள்வரை நீட்டலாம் என்பது ஏற்பாடு. நீட்டினார்கள். உள்ளே இருப்பவர் நிலைகுலைந்துவிட்டார் என்று உண்மையிலேயே நம்பியவர்கள் மூன்றாம் நாள்வரை காத்திருப்பார்களா?

5. ஆண்களுக்கு நேர்ந்தபோது

இதே அளவுகோலை மற்றவர்கள்மீது வைத்துப் பார்க்கலாம்.

1961 ஆகஸ்டில் ஒரு நாளுக்கும் மேல் பறந்த கெர்மான் தீத்தவுக்குக் கடுமையான தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. அது விண்வெளி மருத்துவத்தின் ஆய்வுப் பொருளாயிற்று. ஆண் உடல் விண்வெளிக்கு ஒத்துவராது என்று யாரும் எழுதவில்லை. 1962 மே மாதம் அமெரிக்கரான ஸ்காட் கார்ப்பென்டர் குறித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தள்ளி இறங்கினார். அவர் மறுபடி பறக்கவில்லை, ஆனால் தண்டனை அவரோடு நின்றது. 1965 மார்ச்சில் வஸ்கோத்-2 கலத்தின் தானியங்கி அமைப்பு பழுதாகி, அதில் பறந்த பெல்யாயெவ் கையால் கலத்தைத் திருப்பி இறக்கினார். கலம் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளிப் பனி மூடிய காட்டில் விழுந்தது. அவரும் உடன் பறந்த லியோனவும் வீரர்களாகவே வரவேற்கப்பட்டார்கள். நியாயமும் அதுதான்.

பிகோவ்ஸ்கியின் கதை இதில் ஒரு நகைச்சுவை. மலம் கழித்ததை அவர் அறிவிக்க, ரஷ்ய மொழியில் ஓர் எழுத்து மாறினால் அச்சொல் 'தட்டல்' ஆகிவிடும் என்பதால், கலத்தில் எதுவோ தட்டுகிறது என்று தரையில் பதறினார்களாம். எட்டு நாள் போக வேண்டிய அவருடைய பறப்பு ஐந்து நாளில் முடிந்தது. அதைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை. தனி ஆளின் மிக நீண்ட பறப்பு என்ற சாதனையாகவே அது நிற்கிறது.

ஆண் தவறினால் தவறியவர் அவர் ஒருவர். தெரெஷ்கோவா தடுமாறியபோது ஒரு பாலினமே தடுமாறியதாக எழுதினார்கள். இனிப் பெண்கள் பக்கமே போவதில்லை என்று கொரலியோவ் சொன்னதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. பறப்புக்குப் பின் அவர் தெரெஷ்கோவாவைத் தனியே அழைத்துப் பேசியதையும், வெளியே வந்தபோது தெரெஷ்கோவாவின் முகம் வாடியிருந்ததையும் செர்தோக் பதிவுசெய்திருக்கிறார். அறைக்குள் பேசியது என்ன என்பது அந்த இருவருக்குள்ளேயே நின்றுவிட்டது.

6. கதவைச் சாத்தியது யார்

தெரெஷ்கோவாவின் செயல்பாடே தடையாக இருந்திருந்தால் 1963இலேயே பெண்கள் குழுவைக் கலைத்திருக்க வேண்டும். கலைக்கவில்லை. 1965இல் பொனமர்யோவாவும் சொலவியோவாவும் வஸ்கோத் கலத்தில் நீண்ட பறப்புக்குப் போவதாகவும், கலத்துக்கு வெளியே ஒரு பெண் நடப்பதாகவும் திட்டமிடப்பட்டது. பயிற்சியும் நடந்தது. 1966 ஜனவரியில் கொரலியோவ் இறந்தார். அந்த ஆண்டே வஸ்கோத் வரிசை கைவிடப்பட்டது. எல்லா வளமும் புதிய சோயுஸ் கலத்துக்கும் நிலவுப் போட்டிக்கும் திரும்பியது. ஆதரித்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் 1964லேயே பதவி இழந்திருந்தார். அமெரிக்கா பெண்களை அனுப்பும் அறிகுறியே இல்லை. 1969 அக்டோபரில் குழு கலைக்கப்பட்டது. ஐவரும் அதற்குள் ஷுக்கோவ்ஸ்கி விமானப்படைக் கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றிருந்தார்கள். முன்னைவிடத் தகுதி கூடியிருந்தபோதுதான் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கதவு மறுபடி திறந்த விதமும் இதையே காட்டுகிறது. 1978 ஜனவரியில் நாசா ஆறு பெண்களைச் சேர்த்தது. சோவியத் தரப்பிலும் உடனே புதிய தேர்வு நடந்தது. அந்த அறுவரில் சாலி ரைடு 1983 ஜூனில் பறந்தார். சோவியத் வீராங்கனை ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா அதற்குப் பத்து மாதம் முந்திக்கொண்டார். அறுவரில் இன்னொருவரான கேத்ரின் சல்லிவன் 1984 அக்டோபரில் விண்வெளியில் நடந்தார். சவீத்ஸ்கயா ஜூலையிலேயே நடந்துவிட்டார். சோதனை விமானியாகப் புகழ் பெற்ற சவீத்ஸ்கயா சல்யூத்-7 சுற்றுநிலையத்துக்குள் நுழைந்தபோது, உள்ளே இருந்தவர்கள் சமையலறை மேலங்கி தயாராக இருக்கிறது என்று வேடிக்கை பேசி வரவேற்றார்கள். பத்தொன்பது ஆண்டில் மாறாதது அது.

ஆகவே முதல் விடை நிற்கவில்லை. வெற்றிடத்துக்குத் தெரெஷ்கோவாவின் பறப்பு காரணமாகவில்லை. பிற்காலத்தில் அதற்கான சாக்காயிற்று.

7. அவருடைய கணக்கு

இங்கே முடித்தால் அவர் வெறும் பலியாளாக நிற்பார். அது சரியாகாது.

1963 நவம்பர் 3 அன்று நிக்கலாயெவை மணந்தார். விருந்தில் குருஷ்சேவே முன்னின்றார். 1964 ஜூனில் மகள் எலேனா பிறந்தார். தாயும் தந்தையும் விண்வெளி சென்றுவந்த முதல் குழந்தை என்பதால் மருத்துவர்கள் அவரையும் விடவில்லை. 1982இல் மணமுறிவு. இதற்கிடையே தெரெஷ்கோவா மேலே ஏறிக்கொண்டே போனார்: 1966 முதல் உச்ச சோவியத் உறுப்பினர், 1968 முதல் 1987 வரை சோவியத் பெண்கள் குழுவின் தலைவர், 1971 முதல் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர். 1995இல் மேஜர் ஜெனரல் ஆனார். 2011 முதல் ரஷ்ய நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர். 2020 மார்ச் 10 அன்று அதிபர் புதினின் முந்தைய பதவிக்காலங்களைக் கணக்கிலிருந்து நீக்கி அவர் மறுபடி போட்டியிட வழிசெய்யும் திருத்தத்தை அவையில் முன்மொழிந்தவர் இவர்தான்.

தோழிகள் நால்வரின் குழு கலைக்கப்பட்ட 1969இல், நாட்டின் பெண்கள் அமைப்புக்குத் தலைவராக அவர் இருந்தார். உலக அரங்குகளில் சோவியத் பெண்ணின் சமத்துவத்தைப் பற்றிப் பேசினார். விண்வெளியில் பெண்களுக்கு இடமில்லாமல் போனதைப் பற்றி அவர் வெளிப்படையாகப் போராடியதற்குத் தடயமில்லை. கொரலியோவுக்குக் கொடுத்த வாக்குக்காகக் காத்த மௌனத்தை மதிக்கலாம். இந்த மௌனம் வேறு. 2020இன் முன்மொழிவு பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது; அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து படித்தவருக்கு அப்படி இருக்காது. மேலிடம் எதிர்பார்ப்பதை மேடையில் பிசகில்லாமல் சொல்வார் என்று 1963இல் கணித்தவர்களின் கணிப்பு தவறவில்லை.

அந்த நால்வரின் பெயர்களும் 1980களின் பிற்பகுதிவரை அந்நாட்டு மக்களுக்கே சொல்லப்படவில்லை. பொனமர்யோவா தம் நினைவுகளை 2002இல்தான் நூலாக வெளியிட்டார். இந்த வரலாற்றைப் பெண்ணின் பக்கமிருந்து, கசப்பை அதிகம் காட்டாமல் எழுதிய நூல் அது. சோவியத் நூல்களை அவ்வளவு ஆர்வத்தோடு மொழிபெயர்த்த நாம் இதையும் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். நம் வீடுகளில் பெயராக நிலைத்தது ஒரு வாலண்டினா. அந்தக் குழுவில் வாலண்டினாக்கள் இருவர் இருந்தார்கள்.